விசிலடிக்கும் கார் வாங்கப் போனேன்!

கொலு பொம்மைப் பெட்டி மாதிரி பத்திரமான இடம் வீட்டில் வேறு கிடையாது என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் திறப்பார்கள். அதனால்தான் அந்த ரிப்பேர் பில்களை எல்லாம் மடித்து, தசாவதார செட்டுக்கு அடியில் செருகி வைத்தேன். நவராத்திரி என்பது வருஷா வருஷம் வரும் என்ற சின்ன விஷயத்தை மட்டும் மறந்துவிட்டேன்!

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. 1,75,000 ரூபாய்க்கு ஒரு பழைய கார் வாங்கினேன். சாதாரணக் கார். புரோக்கர் "மாஸ் வண்டி சார்" என்றார். நான் உருகிவிட்டேன். அதற்கப்புறம் ஒரே வருஷத்தில் ரிப்பேருக்கு மட்டும் 92,000 ரூபாய். வீட்டில் சொன்னது 20,000. மச்ச அவதாரத்தைத் தூக்கியதும் மீதி 72,000-மும் என் மனைவியின் மடியில் விழுந்தது.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பணம் போனது பரவால்லீங்க. ஒளிச்சு வெச்சீங்களே..." என்றாள். அவ்வளவுதான். அந்த வருஷம் கொலுவில் எல்லா பொம்மையும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

இப்பேர்ப்பட்ட பூர்வ கதை உள்ள ஆசாமி, போன வருஷம் வாயைத் திறந்து "எனக்கு ஒரு டர்போ கார் வாங்கணும்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

விசில் வந்த வழி

ஆசை பழையது. 2009-இல் கோயமுத்தூரில் நான் பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜ் வாசலில் ஒருநாள் ஒரு கார் கிளம்பியது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில். அடுத்த விநாடி கார் அங்கே இல்லை! பக்கத்தில் நின்ற நண்பன், "டர்போடா மாப்ளே" என்றான். அன்று மதியம் அட்வான்ஸ்டு அக்கவுன்டன்ஸி கிளாஸில் எனக்கு எந்த பாலன்ஸ் ஷீட்டும் டாலி ஆகவில்லை.

டர்போ என்றால் என்ன? கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். காற்றை ஊதினால் நெருப்பு சீறும். டர்போவும் துருத்திதான். ஆனால் இந்தத் துருத்தியை இழுக்க ஆள் வேண்டாம். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் மறுபக்கம் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் ஊதும். காற்று அதிகம், கூடவே பெட்ரோலும் அதிகம், ஆகவே சீற்றமும் அதிகம். வீணாய்ப் போகிற புகையிலிருந்து வேலை வாங்குகிற இந்த யோசனைக்கு ஆல்ஃப்ரட் பூகி என்ற ஸ்விஸ் இன்ஜினீயர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

கேட்க சுலபம். ஆனால் அந்தச் சக்கரம் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டி, ஒன்றரை லட்சத்துக்கு மேலும் போகும். ஒரு பக்கம் தணலாய்க் கொதிக்கும் புகை, மறுபக்கம் காற்று. நடுவே அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஓர் ஆயில் படலம். ஆயில் பழசானால், குறைந்தால், கருகினால் படலம் போச்சு. அப்புறம் தண்டு போச்சு, டர்போ போச்சு. கூடவே நம்ம பர்ஸும் போச்சு.

நம் நாட்டில் இந்த விசிலை இளைஞர்கள் மத்தியில் பிரபலமாக்கியது 2004-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் இன்ஜின், 150 குதிரைசக்தி. 2013-இல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-இல் 145 குதிரையோடு ஃபியட் அபார்த் புன்ட்டோ, 2017-இல் 230 குதிரையோடு புது ஆக்டேவியா ஆர்.எஸ். என்று வரிசையாக வந்தன. புதிதாக வாங்க என்னைப் போன்ற கட்டுரைக் கூலிக்காரனுக்கு வழியில்லை. பத்து வருஷம் கழித்து நாலைந்து லட்சத்துக்கு வருகிறபோதுதான் சபலம் தட்டுகிறது. நான் பார்த்ததும் வாங்கியதும் மேலே சொன்ன எதுவும் இல்லை, வேறு வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஜாதகத்தை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது.

மனைவி போட்ட பட்ஜெட்

என் மனைவி முழுசாகக் கேட்டாள். பிறகு ஒரு பேப்பரை எடுத்தாள்.

"புதுசுல இந்த வண்டி என்ன விலை?"

"ரோடுக்கு வர்றப்ப 16 லட்சம்."

"இப்ப?"

"நாலு லட்சம். முக்கால்வாசி தள்ளுபடி!"

"ஸ்பேர் பார்ட்ஸுக்கும் முக்கால்வாசி தள்ளுபடியா?"

நான் பி.காம். அவள் எம்.எஸ்ஸி. தாவரவியல். ஆனால் அன்றைக்கு தேய்மானம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். காரின் விலைக்குத் தேய்மானம் உண்டு. கியர் பாக்ஸுக்கும் டர்போவுக்கும் கிளட்ச்சுக்கும் கடைக்காரர் தேய்மானம் போட்டுத் தர மாட்டார். 16 லட்ச ரூபாய் வண்டியை நாலு லட்சத்துக்கு வாங்கினாலும், அதற்குச் சாப்பாடு போடவேண்டியது 16 லட்ச ரூபாய்க்காரன் மாதிரிதான். யானையைச் சல்லிசாக வாங்கிவிடலாம். கரும்பு விலை குறையாது!

இரண்டு கண்டிஷன் போட்டாள். ஒன்று: வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே தனி அக்கவுன்ட்டில் போட்டுவிட்டுத்தான் காரைத் தொடவேண்டும். இரண்டு: "ஒரு பில்லைக்கூட ஒளிக்கக் கூடாது. அஞ்சு ரூபா பில்லா இருந்தாலும்!"

இரண்டாவதற்குத் தலையை ஆட்டும்போது எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது. அவள் தருவது கார் வாங்க அனுமதி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் பெண் பார்க்கும் படலம்

எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையிலேயே ஒரு செகண்ட்ஹேண்ட் யார்டு. வெள்ளைக் கார். 58,000 கிலோமீட்டர்தான். பளபளவென்று முகம் தெரிந்தது. நான் அதில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அண்ணன் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"தம்பி, நாம வர்றதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வெச்சுட்டாங்க."

சூடாக இருக்கும் இன்ஜின் பல நோய்களை மறைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நம் கண்ணெதிரே ஸ்டார்ட் பண்ணவேண்டும். அப்போதுதான் கடகட சத்தமும், நீலப் புகையும் வெளியே வரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. புகையிலேயே பாதி ஜாதகம் வந்துவிடும்.

அண்ணன் அடுத்துக் குனிந்து பெடல்களைப் பார்த்தார். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. ஸ்டியரிங் வழுக்கை. டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருந்தது. "58,000-ல இப்படித் தேயணும்னா, இந்த ஆளு பெடல்ல மாவு ஆட்டியிருக்கணும்" என்றார்.

கடைசியில் ஸ்கேனரைச் சொருகினார். கோளாறு ஒன்றுமே இல்லை என்று காட்டியது. நான் குதூகலித்தேன். அவர் சிரித்தார். காரின் கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகப் பரிசோதித்து முடித்துவிட்டேன் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் 'இன்னும் முடியவில்லை' என்றிருந்தது. அதாவது பழைய கோளாறுப் பதிவுகளை யாரோ இப்போதுதான் அழித்திருக்கிறார்கள். ஸ்லேட்டைத் துடைத்துவிட்டு, "பையன் ஒரு தப்பும் எழுதல சார்" என்கிற கதை!

இரண்டாவது வரன்

ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் இளைஞர். கறுப்புக் கார். சைலன்ஸரில் சோளப்பொரி வெடிக்கும் சத்தம். "ரீமேப் பண்ணியிருக்கேன் ப்ரோ, எக்ஸ்ட்ரா 40 குதிரை" என்றார். கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி டர்போவை இன்னும் வேகமாக ஊத வைப்பதற்குப் பெயர் ரீமேப். முறையாகச் செய்து, முறையாகப் பராமரித்தால் பாதகமில்லை. ஆனால் அந்த 40 குதிரைகளும் கிளட்ச்சின் முதுகில்தான் ஏறிப் போகும். மேட்டில் நாலாவது கியரில் அமுக்கினால், இன்ஜின் மட்டும் 'உய்ங்...' என்று எகிறியது. வண்டி நிதானமாக யோசித்தது. கிளட்ச் வழுக்குகிறது.

"கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துக்கலாமா தம்பி? நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி அமுக்குதான்னு பாத்துடலாம். செலவு எங்களுது" என்று அண்ணன் பவ்யமாகக் கேட்டார்.

"என்ன சார், நம்பிக்கை இல்லையா?" என்றார் இளைஞர்.

நம்பிக்கை இருந்தது, அவர் எடுக்க விடமாட்டார் என்று! கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

சேரன் எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட்

மூன்றாவது கோயமுத்தூரில், பீளமேட்டில். ஓடியது 1,42,000 கிலோமீட்டர். கேட்டதுமே நான் வேண்டாம் என்றேன். மனைவிதான், "போய்ப் பாப்போமே, உங்க காலேஜையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். அண்ணன், அவள், நான். சேரனில் ஏறி விடிகாலை இறங்கினோம்.

பெரியவருக்கு வயது 68. பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாசலில் கோலம் காயவில்லை. கார் போர்ட்டிகோவில் துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி, வாங்கம்மா. மொதல்ல காப்பி குடிங்க. வண்டிய நான் இன்னும் தொடலீங்க. சில்லுனு இருக்கும்போதே நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணுமில்லீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். இந்த வார்த்தையை எந்த விற்கிறவர் வாயிலும் அவர் அதுவரை கேட்டதில்லையாம்.

காப்பியோடு ஒரு ஃபைலும் வந்தது. தடிமனான, நாடா கட்டின, கவர்மென்ட் ஆபீஸ் ஃபைல். புதிதாக வாங்கிய நாளிலிருந்து எல்லா பில்லும் தேதிவாரியாக. கம்பெனி புத்தகம் 15,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்கிறது. இவர் 7,500-க்கு ஒரு தடவை மாற்றியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். 18 ஆயில் பில்! ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் கிலோமீட்டர், ஆயிலின் ரகம். பல் செட் வாங்கிய பில் ஒன்றும் வழிதவறி உள்ளே இருந்தது.

பிறகு வண்டியின் குற்றங்களை அவரே வாசித்தார். "மூணாவது சிலிண்டர் காயில் சொணங்குதுங்க. முன்னாடி புஷ் சத்தம் போடும். டயர் நாலும் மாத்தோணும். டைமிங் பெல்ட் மாத்தி ஆறு வருசமாச்சு, அத மட்டும் போனவுடனே மாத்தீருங்க. அறுந்துதுன்னா வால்வு பிஸ்டன்ல போய் இடிச்சுப் போடும். அப்புறம் இன்ஜினே இல்லீங்க."

அண்ணன் ஸ்டார்ட் பண்ணினார். சத்தமில்லை, புகையில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் கொஞ்சம் அசையலாம். ஆயில் படலத்துக்கு இடம் வேண்டும். ஆனால் இறக்கை சுவரில் உரசக் கூடாது. உரசவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று. மூன்றாவது கியரில் அமுக்கினேன். 2009-இல் கேட்ட அதே விசில்!

திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பப் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"ஆஃப் பண்ணீராதீங்க தம்பி. வேகமா ஓடி வந்துருக்குது. ஒரு நிமிசம் நிக்கட்டும். உள்ள கொதிக்குது பாருங்க, இப்பவே நிறுத்துனா ஆயில் ஓடாம அங்கயே கருகிப் போயிரும்."

அந்த ஒரு நிமிஷம் நாங்கள் நாலு பேரும் பேசாமல் நின்றோம். பெரியவர் மட்டும் தலையைச் சாய்த்து, பாட்டுக் கச்சேரி கேட்பது போல இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானே சாவியைத் திருப்பினார்.

"முழங்கால் கிளட்ச்ச மிதிக்க மாட்டேங்குதுங்க. டாக்டரும் வேண்டாம்னுட்டாரு" என்றார், யாரும் கேட்காமலே.

என் மனைவி அதுவரை காரைப் பார்க்கவே இல்லை. ஃபைலைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். என் காதருகே, "பாத்தீங்களா... பில்லை எல்லாம் எங்க வெச்சிருக்கார்னு" என்றாள்.

நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன். 4,25,000 சொன்னார். 3,90,000-க்கு முடிந்தது. அண்ணன் இன்னும் பேரம் பேசலாம் என்று கண் காட்டினார். எனக்கு வாய் வரவில்லை.

பேப்பர், பெட்ரோல், பர்ஸ்

காதலித்தாலும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயாக வேண்டும். ஆர்.சி.யில் பேர் மாற்ற ஃபாரம் 29, 30. பழைய கடன் பாக்கி இல்லை என்றால் அதை நீக்க ஃபாரம் 35. வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி., கூடவே நம்ம ஊர் வரி. டெல்லியில் பழைய வண்டிகளுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து அங்கிருந்து சல்லிசாக வரும் வண்டிகளில் இந்தக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்றக் கேட்கவேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அது சீதனத்தில் சேராது. 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

பெட்ரோலையும் கவனியுங்கள். 2025-இல் நாடு முழுக்க 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த வண்டிகள் பலவற்றின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதை நினைத்துச் செய்தவை அல்ல. பழைய வண்டி வாங்குகிறவர் அவற்றையும் முகர்ந்து, தடவிப் பார்த்து வாங்குவது நல்லது.

முதல் வருஷக் கணக்கை ஒளிக்காமல் தருகிறேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 28,000. காயில் நாலும் 12,000. டயர் 36,000. புஷ் வகையறா 22,000. ஆயில் இரண்டு தடவை 18,000. காற்றுக் குழாய் 4,000. ஆக மொத்தம் 1,20,000. தனி அக்கவுன்ட்டில் போட்டிருந்தது 1,30,000. அந்த அக்கவுன்ட் இல்லையென்றால் தசாவதார செட்டுக்கு அடியில் மறுபடியும் இடம் தேடியிருப்பேனோ என்னவோ. மனுஷ புத்திதானே!

அந்தக் காற்றுக் குழாய்க்கு ஒரு கதை உண்டு. நாலாவது மாசம், உளுந்தூர்பேட்டை தாண்டி 'புஸ்' என்று ஒரு சத்தம். குதிரைகள் எல்லாம் இறங்கி ஓடிவிட்டன. மனைவி பக்கத்து சீட்டில். அண்ணனுக்கு போன் போட்டேன். "பயப்படாத தம்பி, டர்போலேர்ந்து வர்ற குழாய் கழண்டிருக்கும். வண்டி ஆறட்டும், கிளாம்ப்பை முடுக்கு" என்றார். பஞ்சர் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து பத்து நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தார். ஐம்பது ரூபாய்.

"பில்?" என்றேன் நான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டீக்கடையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, 'குழாய் மாட்டினது 50' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனைவி சிரித்தாள். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் கார் விஷயத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அது இப்போது அதே ஃபைலில் இருக்கிறது. பெரியவரின் கடைசி பில்லுக்கு அடுத்து எங்கள் பில்கள். அவர் மாதிரியே மூலையில் கிலோமீட்டர் எழுதுகிறாள். அவரிடமிருந்து ஆறு மாசத்துக்கு ஒரு போன் வரும். சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால், "ஆயில் மாத்தியாச்சுங்களா தம்பி?"

இந்த வருஷம் கொலுவில் புதிதாக ஒரு பொம்மை. சிவப்பாக ஒரு குட்டிக் கார். மளிகைக் கடை செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சுண்டல் வாங்க வந்த எதிர் வீட்டு மாமி, "ஏன்டியம்மா, காரைப் போய்ச் செட்டியார்கிட்ட நிறுத்தியிருக்கே?" என்று கேட்டார்.

"கணக்குப் பாக்கறவர் பக்கத்துலயே இருக்கட்டும் மாமி" என்றாள்.